எட்டு மணிச் செய்திக்கு ஏற்ற தலை

அக்டோபர் 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற வீடுகளில் கறிக்குழம்பு வாசனை. எங்கள் வீட்டில் டை வாசனை. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை அடித்தால் போதும். ஸ்டுடியோவுக்குப் புதுக் கேமராக்கள் வந்த பிறகு வாராவாரம் அடிக்க வேண்டியிருக்கிறது. வகிட்டில் எள்ளளவு வெள்ளை எட்டிப் பார்த்தாலும் அவை காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

பழைய நைட்டி, பழைய துண்டு, நெற்றியோரம் வாசலின். பாத்ரூம் கதவுக்கு வெளியே இவர் நின்றுகொண்டு, "முடிஞ்சுதா கோதை? எனக்கு அவசரம்" என்றார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு என்ன அவசரமோ. தலையில் முடியே இல்லாத புண்ணியவானுக்கு என் பாடு எங்கே தெரியப்போகிறது.

காதுக்குப் பின்னால் லேசாக அரிக்கிறது. வேர்க்குருவாக இருக்கும்.

அக்டோபர் 8, செவ்வாய்

எங்கள் நாளொளி டிவிக்குப் புதிய நிகழ்ச்சித் தலைவர் வந்திருக்கிறார். பெயர் பிரணவ். வயது முப்பத்தைந்து இருக்கலாம். பேண்ட் முழங்காலில் கிழிசல், அதுதான் ஃபேஷனாம். எல்லோரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். 'ஃப்ரெஷ்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணத் தொடங்கி, அலுத்துப்போய் நடுவில் விட்டுவிட்டேன்.

முதல் மாற்றம், செய்தி வாசிப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக "வணக்கம். எட்டு மணிச் செய்திகள். வாசிப்பது பூங்கோதை" என்று சொல்லித்தான் தொடங்கியிருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் இருக்கும் அறவாழி அடுத்து தன் பெயரைச் சொல்வார். ஊரில் பாதிப்பேர் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவார்கள்.

"ஸ்க்ரீன்லதான் பேர் வருதே மேம். நாலு செகண்ட் வேஸ்ட்" என்றார் பிரணவ்.

மிச்சம் பிடித்த அந்த நாலு செகண்டை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

வடபழனி சிக்னலில் எங்கள் புதிய விளம்பரப் பலகை. அறவாழியும் நானும். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, காதோரம் இரண்டு பக்கமும் வெள்ளை முடி பளபளக்க நிற்கிறார். கீழே பெரிய எழுத்தில்: நரைத்த அனுபவம், நரைக்காத நேர்மை. பக்கத்தில் நான், தலையில் தாரை ஊற்றியதுபோல் கருகருவென்று. கன்னத்துக் கோடுகளையும் கம்ப்யூட்டரில் வழித்து எடுத்துவிட்டார்கள். என் சொந்தத் தங்கை போன் செய்து, "அறவாழி சார் பக்கத்துல யாருக்கா அது?" என்கிறாள்.

அறவாழிக்கு என்னைவிட மூன்று வயது அதிகம், ஐம்பத்தைந்து. போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் மேடையேறி, "நான் டை அடிக்கிறதில்ல. தலையில இருக்கிறதை மறைக்கிறவன் நாளைக்கு நாட்டுல நடக்கிறதையும் மறைப்பான்" என்றார். மாணவர்கள் விசிலடித்தார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். நல்ல மனிதர், ஒளிவு மறைவு கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. செய்தி முடிந்ததும் மைக்கை அணைத்துவிடுவார்கள். இசை ஓடும், கேமரா பின்னால் போகும். நாங்கள் இருவரும் தாள்களை அடுக்கியபடி ஏதோ நாட்டு நடப்பைப் பேசிக்கொள்வதுபோல் உதட்டை அசைக்க வேண்டும். இன்று அவர் கேட்டது, "வீட்ல என்ன டிபன்?" நான் சொன்னது, "ரவா உப்புமா." அவர் நெற்றியைச் சுருக்கித் தலையாட்டினார். பார்த்தவர்கள் விலைவாசி பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அக்டோபர் 17, வியாழன்

வேர்க்குரு இல்லையாம். தோல் டாக்டர் சின்னப் பெண், ஆனால் பேச்சில் கறார்.

"டையில இருக்கிற கெமிக்கல் உங்களுக்கு ஒத்துக்கல. இனிமே தொடவே கூடாது."

"குறைச்சுக்கட்டுமா?"

"குறைக்கிறது இல்லம்மா. நிறுத்துறது."

"மாசத்துக்கு ஒரு தடவை மட்டும்?"

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எட்டு மணி நியூஸ் வாசிக்கிறவங்கதானே நீங்க? எங்க வீட்ல உங்களைத்தான் பார்ப்போம். அடுத்த தடவை முகம் வீங்கும். தொண்டையும் வீங்கலாம். உங்களுக்குத் தொண்டை வேணுமா, வேணாமா?"

டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். இவரிடம் சின்ன அலர்ஜி என்று சொல்லிவிட்டேன். வரும் வழியில் கத்திரிக்காய் வாங்கினேன், பாதி பூச்சி.

அக்டோபர் 20, ஞாயிறு

டை அடிக்கவில்லை. டாக்டர் பேச்சைக் கேட்டுவிட்டேன். கருப்பு மருதாணிதான் போட்டேன். பாக்கெட்டில் பச்சை இலை படம் போட்டு 'முழுக்க இயற்கை' என்று எழுதியிருக்கிறது. இலை என்ன செய்துவிடப் போகிறது.

அக்டோபர் 21, திங்கள்

இடது கண் கொஞ்சம் கனமாக இருக்கிறது. மேக்கப் போடும் டொமினிக் அண்ணன், "கண்ணே திறக்கலையே மேடம், இப்படியேவா போறீங்க?" என்றார். அவர் எதையும் பெரிதாக்குவார். முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்து, ஒரு கண்ணாலேயே ப்ராம்ப்டர் திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்து முழுச் செய்தியும் வாசித்துவிட்டேன். ஒரு எழுத்து தப்பவில்லை.

யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தங்கை, பால்காரர், கீழ்வீட்டு மாமி, பெயர் சொல்லாத நேயர்கள் சிலர் போன் செய்தார்கள். சும்மா நலம் விசாரிக்க.

அக்டோபர் 23, புதன்

நேற்று முகமும் கழுத்தும் வீங்கிவிட்டன. மூச்சு கொஞ்சம் இழுத்தது. ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஊசி, மூக்கில் ஆக்சிஜன். எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. இவர் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலையில் முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டேன். நர்ஸ் தரவில்லை.

'முழுக்க இயற்கை' பாக்கெட்டிலும் அதே ரசாயனம்தானாம். பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறானாம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டை, பிரஷ், கிண்ணம், துண்டு எல்லாவற்றையும் இவர் குப்பையில் போட்டிருக்கிறார். கிண்ணம் நல்ல கிண்ணம்.

அக்டோபர் 28, திங்கள்

பிரணவ் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். தலையில் இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்ததால் பருத்தித் துணி கட்டியிருந்தேன்.

"அப்போ வெள்ளையாவே விடப்போறீங்களா?" என்றார். உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டது இதற்குப் பிறகுதான்.

"வேற வழி இல்ல."

"விக் வைக்கலாம். மும்பைல நல்லதா கிடைக்குது." கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "இல்லேன்னா இப்படிப் பண்ணலாம் மேம். காலைல ஒரு புது ஷோ பிளான் பண்றோம். பாட்டி வைத்தியம். சுக்கு, மிளகு, கஷாயம். உங்க புது லுக்குக்கு செமயா செட் ஆகும்."

"எனக்கு ஐம்பத்திரண்டு வயசு."

"வயசு மேட்டர் இல்ல மேம். லுக்."

"அறவாழி சார் நரைச்ச தலையோடதானே வாசிக்கிறாரு?"

"அவரு வேற."

"எப்படி வேற?"

"அவருக்கு அது ஒரு அத்தாரிட்டி கொடுக்குது. உங்களுக்கு..." கையை ஆட்டினார். "நீங்க ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்கம்மா. ஹெல்த் முக்கியம்."

உள்ளே போகும்போது மேம், வெளியே வரும்போது அம்மா. அரை மணி நேரத்தில் எனக்கு அவ்வளவு வயதாகிவிட்டது. இதில் கொடுமை, நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அது உறைத்தது. எதற்கு நன்றி சொன்னேன்? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. வெறும் தண்ணீர்த் தீபாவளி.

எட்டு மணிச் செய்தியை நான் பார்க்கவில்லை. புதுப் பெண் ஆதிரா, வயது இருபத்து நான்கு. மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்கு பார்டர். இடது காதுக் கம்மல் திருகிக்கொண்டு நின்றது. பட்டாசு விபத்துச் செய்தியையும் சிரித்தபடி வாசித்தாள். ப்ராம்ப்டரைத் துரத்திக்கொண்டு ஓடியதில் மூன்றாவது செய்தியில் மூச்சு வாங்கியது. கடைசியில் அறவாழி அவளிடம் ஏதோ கேட்டார். உதட்டசைவை வைத்துப் பார்த்தால் டிபன்தான்.

நான் அடுப்படியில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மேக்கப் அறை லாக்கரில் இருக்கும் புடவைகளை எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனேன். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் மேக்கப்புக்கு ஐந்தரைக்கே வந்துவிட வேண்டும். தலை, முகம், புடவை மடிப்பு, நகைகள் என்று எங்களுக்கு வேலை அதிகம். ஆண்களுக்கு ஏழேகால். கோட்டை மாட்டிக்கொண்டு முகத்தில் பவுடரை ஒற்றினால் முடிந்தது. ஏழேகாலுக்கு நான் எப்போதும் மேலே எடிட்டரோடு செய்தித் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே இந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்த நேரத்தில் மேக்கப் அறைக்குள் நான் காலெடுத்து வைத்ததே இல்லை.

இன்று வைத்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. டொமினிக் அண்ணன் கையில் பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று. நாற்காலியில் அறவாழி, கழுத்தில் துண்டு. டொமினிக் அண்ணன் பிரஷை வெள்ளை டப்பாவில் தொட்டு, அவர் காதோரத்தில் கீழிருந்து மேலாக இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்திருந்தது. இன்னொரு பக்கம் நல்ல கருப்பு. இயற்கையான, மினுமினுப்பான, யாரும் எதையும் அடிக்காத கருப்பு.

கண்ணாடியில் அறவாழி என்னைப் பார்த்துவிட்டார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

டொமினிக் அண்ணன் பிரஷைக் கழுவப் போய்விட்டார். அறவாழி துண்டின் நுனியைத் திருகினார். "மூணு வருஷமா. எனக்கு நரைக்கவே மாட்டேங்குது கோதை. எங்க அப்பாவுக்கும் எழுபது வரைக்கும் கருப்புதான். பையன் மாதிரி இருக்கீங்க, கொஞ்சம் வெள்ளை தெரிஞ்சாதான் ஜனங்க நம்புவாங்கன்னு எம்.டி. சொன்னாரு. பிரணவ் வந்ததும் இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

"நான் மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில கிடந்தேன் சார். அன்னிக்கும் இங்க உங்களுக்கு வெள்ளை அடிச்சுட்டு இருந்தாங்களா?"

"நான் என்ன பண்ண முடியும்? ஏதாவது சொன்னா என்னையும் தூக்கிடுவாங்க. வீட்ல பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்கோம்."

"அவங்ககிட்ட சொல்ல வேண்டாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மேஜையில் இரண்டு டப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று அவருடைய வெள்ளை. இன்னொன்று, வகிட்டு நரையை அவசரத்துக்கு மறைக்கும் கருப்புப் பவுடர். அதன் மூடியில் ஸ்டிக்கர் ஒட்டி என் பெயர் எழுதியிருந்தது. ஒரே மேஜை, ஒரே கண்ணாடி, ஒரே ஆள். எனக்கு இருப்பதை மறைக்க ஒரு டப்பா, அவருக்கு இல்லாததைக் காட்ட ஒரு டப்பா.

புடவைகளை எடுக்க மறந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

சாம்பார் அடிப்பிடித்தது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லாததற்கும் சேர்த்துத் திட்டினேன்.

நரை வராத ஆணுக்கு நரையை வரவழைத்துக் கொடுக்கிறார்கள். நரைத்த பெண்ணிடம் விஷத்தைப் பூசிக்கொண்டு வா என்கிறார்கள். நான் வாசித்த புயல்கள் எத்தனை, தேர்தல்கள் எத்தனை, காலையில் உட்கார்ந்து மறுநாள் காலை வரை எழுந்திருக்காமல் வாசித்த நாட்கள் எத்தனை. அந்த அனுபவம் எல்லாம் என் தலையில்தான் வெள்ளையாக வந்து நிற்கிறது. அதை யாரும் பார்க்கக் கூடாதாம். அதே வெள்ளையைப் பல் தேய்க்கும் பிரஷால் அவருக்குப் பூசி, கீழே அனுபவம் என்று எழுதி, வடபழனி சிக்னலில் நிறுத்தியிருக்கிறார்கள். கோபத்தில் எழுத்து கோணுகிறது.

நவம்பர் 13, புதன்

எம்.டி.யைப் பார்த்தேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது, மீசை உட்பட அடர்கருப்பு. காபி வரவழைத்தார். பிரணவும் உட்கார்ந்திருந்தார்.

"சர்வே எடுத்தோம்மா. நேயர்கள் விரும்பல" என்றார் எம்.டி.

"அவங்ககிட்ட என்ன சார் கேட்டீங்க?"

எம்.டி. பிரணவைப் பார்த்தார். பிரணவ் போனைப் பார்த்தார்.

"அவருக்கு வெள்ளை பூசினா அத்தாரிட்டி. எனக்குத் தானா வளர்ந்தா பாட்டி வைத்தியமா?" என்று கேட்டேன். குரல் உயரவில்லை. குரலை உயர்த்தாமல் எதையும் சொல்லத்தானே இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன்.

"நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்மா. கோபப்படக் கூடாது" என்றார். பிறகு முடிவைச் சொன்னார். டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. ஆனால் கௌரவமாக அனுப்பி வைப்பார்கள். டிசம்பர் 20 அன்று எட்டு மணிச் செய்தியை அறவாழியோடு கடைசி முறையாக வாசிக்கலாம். கேக் உண்டு. விக் கட்டாயம்.

சரி என்று சொல்லிவிட்டேன். எம்.டி.க்கே ஆச்சரியம்.

ஏன் ஒத்துக்கொண்டாய் என்று இவர் கேட்டார். அந்த நாற்காலியில் இன்னொரு தடவை உட்காரத்தான் என்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஆதிரா போன் செய்தாள். மன்னிப்புக் கேட்பதுபோல் இழுத்து இழுத்துப் பேசினாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிக்க, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"ரெண்டு இட்லிதான் மேம். வெயிட் ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." பிறகு தானாகவே சொன்னாள். "முப்பது வயசு வரைக்கும் ஓட்டலாம்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."

இருபத்து நான்கு வயதில் ஒரு பெண் தன் கடைசி நாளைக் குறித்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு கசப்பாக இருக்க வேண்டாம் என்று இவர் கேசரி கிண்டினார், கட்டி கட்டியாக வந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

பார்லரில் முடியை வெட்டிக்கொண்டேன். டை ஏறிய பகுதி முழுவதும் போய்விட்டது. மிஞ்சியது விரல் கணு அளவு. முன்பக்கம் முழு வெள்ளை, பின்னால் சாம்பல்.

"வேண்டாம் ஆன்ட்டி, வயசு தெரியும்" என்றாள் கத்தரிக்கோலைப் பிடித்திருந்த பெண்.

"இருக்கிற வயசுதானே, தெரியட்டும்."

வீட்டில் இவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "இனி வீட்டுக்கு சீப்பே வேணாம்" என்றார். இரவு தூங்கும்போது என் தலையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். நான் தூங்குவதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

டிசம்பர் 21, சனி

நேற்றைய நாள் முடிந்தது.

ஐந்தரைக்கே போனேன். டொமினிக் அண்ணன் விக்கை வைத்து ஊசிகளைக் குத்தினார். கருகருவென்று தோள்வரை வந்தது. அவர் கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்கவில்லை. "ஊசி நிறைய வேண்டாம் அண்ணா, ரெண்டு போதும்" என்றேன். அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு இரண்டை மட்டும் விட்டு, குத்திய மற்ற ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். ஏன் என்று கேட்கவில்லை.

பொடி அழிக்கும் ஈரத்துணிப் பாக்கெட்டிலிருந்து இரண்டை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஸ்டுடியோவில் வேர்க்கும் அல்லவா.

எட்டு மணி. தொடக்கத்தில் வணக்கம் மட்டும் சொன்னேன், பெயர் சொல்லவில்லை. பட்ஜெட், நதிநீர் வழக்கு, ரயில் தாமதம், கிரிக்கெட். ஒரு சொல் தடுக்கவில்லை. விக்குக்குள் தலை கொதித்தது. கடைசியில் பிரணவ் எழுதிக் கொடுத்திருந்த இரண்டு வரி விடைபெறுதலை வாசித்தேன். 'இளைய தலைமுறைக்கு வழிவிட்டு' என்று அதில் ஒரு தொடர் இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன்.

மைக் அணைந்தது. இசை தொடங்கியது. கேமரா பின்னால் போக ஆரம்பித்தது.

"வீட்ல என்ன டிபன்?" என்றார் அறவாழி. அவர் குரல் சரியில்லை.

நான் இரண்டு ஊசிகளை உருவினேன். விக்கைக் கழற்றித் தாள்களின் மேல் வைத்தேன். தலையில் ஏசி காற்று பட்டது. என்ன சுகம். காதுக்குள் கன்ட்ரோல் ரூமிலிருந்து பிரணவ், "மேம், மேம், என்ன பண்றீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார். கேக் வெட்டுவதற்காக அவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டிருந்தார்கள், ஒளிபரப்பை நிறுத்தும் பொத்தான்களுக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

இடுப்பிலிருந்து ஈரத்துணியை எடுத்து அறவாழியின் பக்கம் நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். தாள்களை எடுத்து மேஜையில் தட்டினார். அடுக்கினார். மறுபடி தட்டினார். நான் கையை எடுக்கவில்லை. வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை, வீட்டில் வரன் பார்க்கிறார்கள்.

அவர் துணியை வாங்கவில்லை. தலையை என் பக்கம் சாய்த்தார்.

துடைத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. துணியெல்லாம் வெள்ளை, காதோரம் கருப்பு. அடுத்த பக்கத்தைத் துடைப்பதற்குள் திரை இருண்டுவிட்டது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கருப்பு. அப்படித்தான் ஊர் அவரைப் பார்த்தது.

கேக்கை யாரும் வெட்டவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

டை இல்லாத ஞாயிறு. இவர் கறி வாங்கி வந்தார்.

நேற்றிலிருந்து எல்லார் போனிலும் அந்தக் காட்சிதான் ஓடுகிறதாம். தங்கை அழைத்தாள், பால்காரர் அழைத்தார். வழக்குப் போடப்போகிறார்களோ என்று இவருக்கு உள்ளூர பயம், காட்டிக்கொள்ளவில்லை. மத்தியானம் பிரணவ் அழைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்துத் தயாராக எடுத்தேன்.

"மேம், செம ரீச். நீங்க வேற லெவல்" என்றார். "எம்.டி. பேசச் சொன்னாரு. அந்த ஷோவை மறுபடி யோசிச்சோம். பாட்டின்னு வேணாம். 'நரையழகி'ன்னு பேர் வைக்கலாம். மூலிகை, தலைமுடிப் பராமரிப்பு, ஸ்பான்ஸர் கூட ரெடி."

"யாரு ஸ்பான்ஸர்?"

"ஒரு ஹேர் டை கம்பெனி மேம். அவங்க மருதாணி பாக்கெட்டும் போடறாங்க. முழுக்க இயற்கை."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எனக்குப் பேச்சு வராமல் போனது இதுதான் முதல் தடவை.

"எட்டு மணிச் செய்தி இருக்கா தம்பி?"

"அது... ஆதிரா ஃபிக்ஸ் ஆயிட்டாங்களே மேம்."

"அது இருந்தா கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கறி கொஞ்சம் காரம், ஆனாலும் நன்றாக இருந்தது.

டிசம்பர் 23, திங்கள்

எட்டு மணிக்கு இவர் டிவியைப் போட்டார். நான் பார்ப்பதாக இல்லை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அறவாழி வந்தார். இரண்டு பக்கமும் கருப்பு. யாரையும் பூச விடவில்லை போலிருக்கிறது. முகம் வெளிறியிருந்தது, ஆனால் தலையை நிமிர்த்தித்தான் வைத்திருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி இறங்கியது.

இவர் சோபாவில் சாய்ந்துகொண்டு திரையை உற்றுப் பார்த்தார். "என்ன இவரு, காலேஜ் பையன் மாதிரி இருக்காரு. இவரு சொன்னா யாரு நம்புவா?"

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். என் தலையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

என்னோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்திய மனிதர், வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி வந்த மனிதர். அவருக்கும் ஆணின் தலையில் வெள்ளை இருந்தால்தான் செய்தி. என் தலையில் இருக்கும் வெள்ளை அவருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம், பரிதாபம். எனக்குக் கோபம் வந்தது. மறைக்க முயலவில்லை.

கத்தியை வைத்துவிட்டு எழுந்தேன். அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி ஒலியை நிறுத்தினேன். ஆதிராவின் உதடுகள் மட்டும் அசைந்தன. திரையின் அடியில் தலைப்புச் செய்திகள் எழுத்தாக ஓடிக்கொண்டிருந்தன. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நேரா உட்காருங்க."

"கோதை, நான் சும்மா..."

"உட்காருங்க. நம்ப முடியுதான்னு பார்த்துச் சொல்லுங்க."

அவர் காலைக் கீழே போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"வணக்கம். எட்டு மணிச் செய்திகள். வாசிப்பது பூங்கோதை."

நாலு செகண்ட்தான் ஆயிற்று.